முடிவுக் கோட்டை இரண்டாவதாகக் கடந்தேன், கணக்கில் எட்டாவது: ஹோபி 16க்கும் கீல் படகுகளுக்கும் நடுவில் நியாயமான பந்தயம் உண்டா?

இரட்டைவள்ளம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பாய்ப்படகு பற்றிக் கதைக்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான் என்று தெரியும். ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன்.

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். மூன்று வருடமாக ஒன்ராறியோ ஏரியில் ஒரு பழைய ஹோபி 16, இரண்டு உடம்புள்ள சின்னக் கட்டமரான், ஓட்டுகிறேன். டிரெய்லரோடு சேர்த்து 1,800 டொலர். செம்மஞ்சளும் நீலமுமாகப் பட்டை போட்ட பாய், வெயிலில் வெளுத்துப்போய் அரைக்கரைவாசிதான் நிறம் தெரியும். நான் சுக்கான் பிடிப்பேன், மச்சான் டிரபீஸில், அதாவது பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில், படகுக்கு வெளியே தொங்குவான். இரண்டு பேரும் சேர்ந்து 140 கிலோ, படகு 145 கிலோ. எதிரே நிற்கிற பெரிய படகுகளுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற கனமான கீலில் இருக்கிற ஈயம் மட்டுமே ஒரு தொன் வரும்.

எங்கள் கிளப்பில் வேறு யாரிடமும் கட்டமரான் இல்லை. அதனால் புதன்கிழமை பின்னேரப் பந்தயத்தில் கீல் படகுகளோடுதான் நிற்க வேண்டும். நாலு சி அண்ட் சி 27, ஒரு சி அண்ட் சி 35, மூன்று ஷார்க் 24 (எல்லாம் கீல் படகு வகைகள், எண் அடிக்கணக்கில் நீளம்), அப்புறம் நான். மொத்தம் ஒன்பது. காற்றுக்கு எதிரே ஒரு மிதவை, காற்றுக்குக் கீழே ஒரு மிதவை, இரண்டு சுற்று, நாலு கடல்மைல். ஓடிய நேரத்தை நூறால் பெருக்கிப் படகின் எண்ணால் வகுத்து முடிவு சொல்வார்கள். வேகமான படகுக்குச் சின்ன எண். எனக்குத் தந்த எண் 76, சி அண்ட் சி 27க்கு 90.

முதல் புதன் 16 நாட் (மணிக்கு 16 கடல்மைல்) காற்று. எனக்கு 38 நிமிடம், முதலில் வந்த 27க்கு 52 நிமிடம். கணக்கிலும் நான்தான் முதல். அன்றைக்கு மதுச்சாலையில் ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. “அது கடற்கரை விளையாட்டுச் சாமான், படகு இல்லை” என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். என் எண்ணைக் குறைக்க வேண்டும் என்று கமிட்டிக்கு ஒரு கடிதமும் போய்விட்டது.

போன புதன் 7 நாட்டில் தொடங்கிய காற்று 5க்கு இறங்கியது. 35 அடிக்காரருக்குப் பின்னால் இரண்டாவதாகக் கோட்டைக் கடந்தேன். 64 நிமிடம். 27க்கு 68. கணக்கில் எட்டாவது! அன்றைக்கு எல்லோரும் சிரித்த முகமாக வந்து முதுகில் தட்டினார்கள். கடிதத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

இன்னொன்று. முதல் புதன், கீழ் மிதவையில் ஒரு 27காரரை உள்பக்கமாக முந்தித் திரும்பினேன். அவர் தொண்டை கிழியக் கத்தினார். இடிபடவில்லை, மனுவும் கொடுக்கவில்லை. பிழை என்னுடையதா?

ஆக, என் எண் பிழையா, ஓட்டுவது பிழையா, இல்லை இந்தப் பந்தயமே பிழையா? “கட்டமரான் உங்கள் மொழிச் சொல்லாமே” என்று வேறு ஒவ்வொரு புதனும் யாராவது கேட்பார்கள். சொல் எங்களுடையதுதான், ஆனால் கட்டுமரம் என்பது மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டியது, இரண்டு உடம்புப் படகு பசிபிக் தீவுக்காரர்களுடையது என்று விளக்கி முடிப்பதற்குள் பியர் சூடாகிவிடும்.


நாக்ராவாசி எழுதியது:

நான் சென்னைத் துறைமுகத்துக்குள் லேசர் என்ற சின்னப் பாய்ப்படகு ஓட்டிப் பழகியவன். இப்போது கலிபோர்னியாவில். ஏழு வருஷம் ஹோபி 16, அதற்கப்புறம் நாக்ரா என்ற வேறு வகைக் கட்டமரான். நீங்கள் சொல்கிற இரண்டு புதனும் எனக்கு நடந்திருக்கிறது, முதுகில் தட்டியது உட்பட.

முதலில் கணக்கு. முதல் புதன் நீங்கள் 50 நிமிடம், அவர் 57 நிமிடம் 47 வினாடி. இரண்டாவது புதன் நீங்கள் 84 நிமிடம் 13 வினாடி, அவர் 75 நிமிடம் 33 வினாடி. அதே படகு, அதே ஆள், அதே எண். ஒரே வாரத்தில் பதினாறு நிமிடத்துக்கு மேல் புரண்டிருக்கிறது. 76 தப்பு என்று அவர்கள் சொன்னதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. எந்த ஒற்றை எண்ணைப் போட்டாலும் அது ஏதோ ஒரு காற்றுக்குத்தான் பொருந்தும்.

காரணம் தண்ணீரில் இருக்கிறது. கீல் படகு தான் எழுப்பிய அலைக்குள் தானே மாட்டிக்கொள்ளும். நீர்மட்டத்தில் அதன் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருவதுதான் கிட்டத்தட்ட அதன் உச்ச வேகம். 27 அடிப் படகு நீர்மட்டத்தில் 22, 23 அடிதான் இருக்கும். ஆக ஆறரை நாட்டுக்குக் கொஞ்சம் கீழே. காற்று 16 அடித்தாலும் 26 அடித்தாலும் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். உங்கள் படகின் உடம்பு இரண்டும் கத்தி மாதிரி ஒல்லி. அலை பெரிதாக எழும்பாது, அதனால் அந்தச் சுவரும் கிடையாது. காற்று ஏற ஏற நீங்கள் மட்டும் ஏறிக்கொண்டே போவீர்கள்.

காற்று விழுந்தால் கதை தலைகீழ். அப்போது அலை பிரச்சினையே இல்லை, நனைந்த தோலின் உராய்வுதான் பிரச்சினை. உங்களிடம் ஒரு படகுக்கு இரண்டு தோல். அவர்களுடைய பாய்மரம் உயரம், மேலே கொஞ்சம் கூடுதல் காற்று கிடைக்கும். அதோடு ஹோபி 16இல் தண்ணீருக்குள் இறக்க நடுப்பலகை கிடையாது, காற்றை நோக்கி நெருக்கிப் போகாது. நீங்கள் 4 நாட்டில் காற்றுக்கு 52 பாகையில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிதவையை நோக்கி உண்மையில் முன்னேறுவது இரண்டரைக்கும் கீழே. அவர் 3.8 நாட்டில் 45 பாகை போனால் 2.7. உங்கள் வேகமானி நீங்கள்தான் வேகம் என்று காட்டிக்கொண்டே இருக்கும், அவர் மிதவைக்கு முன்னால் போய்ச் சேர்வார்.

கமிட்டியிடம் ஒன்று கேளுங்கள். படகு எண்களுக்கான அமெரிக்க போர்ட்ஸ்மவுத் அட்டவணையில் ஒவ்வொரு படகுக்கும் பொது எண்ணைத் தவிர காற்றின் பலத்துக்கு ஏற்ப வேறு நாலு எண் போட்டிருப்பார்கள். காற்றின் பலத்தைச் சொல்கிற பியூஃபோர்ட் அளவில் 0-1, 2-3, 4, அப்புறம் 5-9. அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆனால் போன புதன் நீங்கள் அவரோடு சமன் ஆக வேண்டுமென்றால் உங்கள் எண் 85ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். அவ்வளவு சலுகையை எந்த அட்டவணையிலும் எதிர்பார்க்காதீர்கள். மிச்சம் உங்கள் கையில் இருக்கிறது. போன புதன் எத்தனை டேக் அடித்தீர்கள், அதாவது எத்தனை தடவை மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பிப் பக்கம் மாற்றினீர்கள்?


கரையில் நிற்பவன் எழுதியது:

ஒரே வழிதான். கிளப்பில் இன்னொருவரை ஹோபி வாங்க வையுங்கள். அப்புறம் கணக்கே வேண்டாம், முன்னால் வந்தவன் ஜெயித்தான்.


பழைய கப்பல் பிரியன் எழுதியது:

“விளையாட்டுச் சாமான்” என்று சொன்னவருக்கு இதைச் சொல்லுங்கள். 1876 ஜூனில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டு விழாப் பந்தயத்தில் நதானியேல் ஹெரஷாஃப் என்ற இளைஞர் அமரிலிஸ் என்ற 25 அடி கட்டமரானைக் கொண்டுவந்து மற்ற எல்லோரையும் பின்னால் விட்டார். பந்தயம் முடிந்ததும் எதிர்ப்பு மனு. அப்புறம் இந்த வகைப் படகையே வழக்கமான பந்தயங்களிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். அவர் அடுத்த வருடம் காப்புரிமை வாங்கினார், ஆனால் பிழைப்புக்கு ஒற்றை உடம்புப் படகுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 1893இலிருந்து 1920 வரை அமெரிக்கக் கோப்பையைக் காத்த படகுகள் எல்லாம் அதே ஆள் வரைந்தவைதான்.

அதே கோப்பைக்கு நடந்த 1988 போட்டி இன்னும் ருசி. நியூசிலாந்துக்காரர்கள் நீர்மட்டத்தில் 90 அடி நீளமுள்ள ராட்சதக் கீல் படகோடு சான் டியேகோ வந்தார்கள். டென்னிஸ் கானர் 60 அடி கட்டமரானோடு எதிரே நின்றார். முதல் பந்தயத்தில் 18 நிமிடம், இரண்டாவதில் 21 நிமிட வித்தியாசத்தில் கானர் முன்னால். கோப்பை யாருக்கு என்று நியூயார்க் நீதிமன்றங்களில் 1990 வரை இழுத்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி-ஹோபார்ட் பந்தயத்தில் இன்றைக்கும் கட்டமரானுக்கு இடமில்லை. உங்கள் கிளப் கடிதம் ரொம்பப் பழைய பரம்பரையைச் சேர்ந்தது.


வல்வைக் கிழவன் எழுதியது:

தம்பி, செம்மஞ்சளும் நீலமும் என்று வாசித்ததும் சிரித்துவிட்டேன். அந்த சி அண்ட் சி 35இல் பின்பக்கம் கடைசியாகக் குந்தியிருக்கிற நரைத்தலை நான்தான். உன்னை ஒவ்வொரு புதனும் பார்க்கிறேன். தமிழ்ப் பிள்ளை என்று தெரியாமல் போய்விட்டது.

நான் வல்வெட்டித்துறை. எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரைக்கும் பாயில் ஓடிப்போனது, அதைச் சொல்லாமல் எங்கள் ஊர்க்காரன் எவனும் படகுக் கதை தொடங்கமாட்டான். சரி, சொல்லியாயிற்று.

எங்கள் படகிலிருந்து பார்த்தால் நீ செய்கிற பெரிய பிழை என்ன தெரியுமா? நீயும் கீல் படகு மாதிரி ஓட்டுகிறாய். போன புதன் தொடங்கும்போது எங்களுக்குக் காற்றுக்குக் கீழ்ப்பக்கம், அறுபது அடித் தூரத்தில் வந்து நின்றாய். உன் பாய்மரம் 26 அடி, எங்களுடையது அதைவிட எவ்வளவோ உயரம். எங்கள் நிழலில் உன் பாய் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். கப்டன் “பாவம்” என்றார், ஆனால் விலகவில்லை. விலக வேண்டியதும் இல்லை. நீ தொடக்கக் கோட்டின் மற்றத் தலைக்குப் போய்விடு. ஐந்து வினாடி பிந்தினாலும் பரவாயில்லை, யாரும் இல்லாத காற்றில் தொடங்கு.

பிறகு அந்த 27காரர் டேக் அடிக்க நீயும் அடித்தாய். அவர் திரும்ப அடிக்க நீயும் திரும்ப. அவரைக் காவல் காக்கிறாயாம்! அவருக்கு ஒரு டேக்கில் போவது நாலைந்து வினாடி. உனக்கு? ஒரு தடவை மூக்கைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றாய். நான் எண்ணினேன், பதினெட்டு.

கீழ் மிதவைக் கதைக்கு வருகிறேன். பிழை உன்னுடையதுதான். மிதவையைச் சுற்றி இருக்கிற வட்டம் மூன்று படகு நீளம். யாருடைய நீளம்? மிதவைக்குக் கிட்ட இருக்கிற படகின் நீளம். அன்றைக்குக் கிட்ட இருந்தது 27. அப்போ வட்டம் 81 அடி. அவர் அதைத் தொட்டபோது உன் அணியம், படகின் மூக்கு, அவர் பின்பக்கத்தை எட்டியிருக்கவில்லை. அந்த நிமிடமே உள்பக்க உரிமை உனக்கு இல்லை. இரண்டு வினாடியில் நீ எட்டிப் பிடித்துவிட்டாய், மெய்தான், ஆனால் அது கணக்கில் வராது. நீ 12 நாட்டில் வந்தால் வினாடிக்கு 20 அடி. உன் சொந்த வட்டம் 50 அடி, அதை இரண்டரை வினாடியில் விழுங்கிவிடுவாய். அவருக்கு 81 அடி ஓட எட்டு வினாடி. நீ முடிவெடுத்து முடித்தபோது அவர் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தினது கோபத்தில் இல்லை தம்பி, பயத்தில். அந்த மனிசனுக்கு எழுபத்திரண்டு வயது.

மிதவைக்கு 200 அடி இருக்கும்போதே ஒன்று முடிவு செய். முந்த முடியுமா, இல்லையென்றால் வெளியே அகலமாகப் போ. நடுவில் நுழையாதே.

இன்னொன்று, ஷார்க்கை லேசாக நினைக்காதே. 1959இல் ஜோர்ஜ் ஹின்டர்ஹோலர் வரைந்த படகு, முதலாவது ஒட்டுப்பலகையில் கட்டியது. எடை ஒரு தொன்தான். பின்காற்றில் அலைமேல் ஏறி வழுக்கத் தெரியும். எல்லோரும் 27ஐயே பார்த்துக்கொண்டிருக்க அது பேசாமல் பரிசை எடுத்துக்கொண்டு போகும்.

கடைசியாக: கச்சான், மேற்கிலிருந்து வருகிற காற்று, நாலு நாள் விடாமல் ஊதினால் மேல் தண்ணீரெல்லாம் தெற்கே தள்ளுப்பட்டு குளிர்ந்த அடித்தண்ணீர் எங்கள் வடகரையில் மேலே வரும். ஜூலையிலும் பல் கிட்டும். உன் மச்சான் அரைக்காற்சட்டையோடு தொங்குகிறான். அவனுக்கு நீர்புகா உடுப்பு வாங்கிக் கொடு.


இரட்டைவள்ளம் எழுதியது:

ஐயா! அடுத்த புதன் கட்டாயம் வந்து கதைக்கிறேன். 27காரரிடம் மன்னிப்பும் கேட்கிறேன். பயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாக்ராவாசி அண்ணா, ஜிபிஎஸ் தடத்தை எண்ணினேன். பதினாலு டேக். ஐயா சொன்ன பதினெட்டு வினாடியும் அதில் அப்படியே தெரிகிறது, ஒரு சின்ன முடிச்சு மாதிரி. டேக் எப்படித்தான் அடிப்பது?

வெட்கமான ஒன்று: போன புதன் கரைக்கு வந்து பின்பக்க அடைப்பைக் கழற்றியபோது இடப்பக்க உடம்பிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் வந்தது.


நாக்ராவாசி எழுதியது:

ஒரு வாளி என்றால் பத்து கிலோ. அது ஒரு பக்கம் மட்டும் நின்று முன்னும் பின்னும் ஓடினால் எந்தக் காற்றிலும் படகு ஓடாது. பிளக் ஓட்டையில் வாயை வைத்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள், மேல்தட்டு ஒட்டும் விளிம்பு முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. பம்பு வைத்து அடிக்காதீர்கள், தட்டு பிய்ந்துவிடும்.

டேக்: பதினாலில் ஒவ்வொன்றுக்கும் 15 வினாடி என்றாலே மூன்றரை நிமிடம் போச்சு. ஆறுக்கு மேல் அடிக்காதீர்கள், பாதி ஏரி தாண்டிப் போனாலும் சரி. அடிப்பதற்கு முன் வேகம் வேண்டும். சுக்கானை வெடுக்கென்று தள்ளாதீர்கள், அது பிரேக் போட்டது மாதிரி. மெதுவாக ஆரம்பித்து இறுக்கிக்கொண்டே போங்கள். மூக்கு காற்றுக்கு நேராக வந்ததும் பெரிய பாயின் கயிற்றை ஒரு முழம் விடுங்கள், இல்லையென்றால் அது காற்றுத் திசைகாட்டியின் வால் மாதிரி உங்களைத் திரும்பக் காற்றுக்கே தள்ளும். முன்பாயை மச்சான் அவிழ்க்கவே கூடாது. அது எதிர்ப்பக்கம் காற்று வாங்கி மூக்கைத் தள்ளி முடித்த பிறகுதான் அவிழ்க்கணும். இதில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள்.

பின்காற்றில் நேராக மிதவைக்கு ஓடாதீர்கள். முன்னால் கம்பி சேருமிடத்தில் ஒரு கம்பளி நூல் கட்டுங்கள். அந்த நூல் படகுக்குச் சரியாகக் குறுக்கே, 90 பாகையில் பறக்கும்படி கோணம் வைத்து ஓட்டி, நடுவில் ஜைப் அடித்து (பின்பக்கத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பிப் பக்கம் மாற்றி) வாருங்கள். தூரம் கூடும், ஆனால் படகு தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.


இரட்டைவள்ளம் எழுதியது:

நேற்றைய கதை.

ஓட்டை சுக்கான் பூட்டுக்குக் கீழே, ஒரு திருகாணித் துளை. மச்சான் ஊத, நான் சோப்புத் தண்ணீர் தடவ, அக்கம்பக்கத்துச் சனம் வேடிக்கை பார்த்தது. நூல் அம்மாவின் பின்னல் கூடையிலிருந்து, சிவப்பு.

காற்று 10, 11 நாட். கோட்டின் அடுத்த தலையில், யாரும் இல்லாத இடத்தில் தொடங்கினோம். ஆறு வினாடி பிந்தித்தான். முதல் மிதவை வரைக்கும் இரண்டே டேக். முதல் டேக் அடிக்கும்போது மச்சான் பழக்கதோஷத்தில் முன்பாய்க் கயிற்றில் கை வைத்தான். “தொடாதே!” என்று நான் கத்தியது கரைக்குக் கேட்டிருக்கும். பாய் எதிர்ப்பக்கம் படக்கென்று நிறைந்தது, மூக்கு தானாகச் சுழன்றது, பெரிய பாயில் குறுக்கே செருகிய சட்டங்கள் ஒவ்வொன்றாக டப் டப் என்று மறுபக்கம் மடங்கின. ஏழு வினாடி! மூன்று வருடமாக நான் செய்துகொண்டிருந்தது என்ன என்று யோசித்தேன்.

பின்காற்றில் நூலை மட்டும் பார்த்தேன். நேர்வழியை விட்டுப் பக்கவாட்டில் விலகிப் போகப் போக மச்சானுக்கு வயிற்றைக் கலக்கியது. “அவங்கள் எல்லாம் அங்கால போறாங்கள்” என்று நாலு தரம் சொன்னான். ஜைப் அடித்துத் திரும்பி வந்து பார்த்தால் 27கள் எல்லாம் எங்களுக்குப் பின்னால். கீழ் மிதவையில் அந்த எழுபத்திரண்டு வயதுக்காரரின் படகை இரண்டாம் சுற்றுத் தொடக்கத்தில் எதிரே கண்டேன். அகலமாக விலகிப் போனேன், கை அசைத்தார்.

49 நிமிடம் 30 வினாடி. 27க்கு 60 நிமிடம். கணக்கில் எனக்கு 65 நிமிடம் 8 வினாடி, அவருக்கு 66 நிமிடம் 40 வினாடி. துள்ளிக்கொண்டு மதுச்சாலைக்குப் போனேன். அங்கே பலகையில் எனக்கு மேலே ஒரு ஷார்க். எண் 96, ஓடியது 62 நிமிடம், கணக்கில் 64 நிமிடம் 35 வினாடி. 33 வினாடியில் போய்விட்டது. ஓட்டியது நரைத்த குட்டை முடியோடு ஒரு அம்மா. என் பக்கத்தில் வந்து நின்று, அந்தச் சிவப்பு நூல் எதற்கு என்று மட்டும் கேட்டார்.

33 வினாடி எங்கே போனது என்று தெரியும். இரண்டாம் சுற்றில், மேல் மிதவைக்கு ஐம்பது அடி இருக்கும்போது, மிதவைக்கு மேலே ஏறமுடியாமல் கூடுதலாக இரண்டு டேக் அடிக்க வேண்டி வந்தது. கரைப்பக்கமிருந்து வருகிறேன் என்ற துணிவில் கோணத்தை நெருக்கிவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் வெளியே போயிருந்தால் நேரே வந்திருக்கலாம்.

கமிட்டி காற்றுக்குத் தக்க எண்களை ஜூலையிலிருந்து போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறது. கடிதம் எழுதியவரே அதற்குக் கை தூக்கினார்.

ஐயா, வருகிற புதன் நீங்கள் கோட்டின் எந்தத் தலையில் தொடங்குவீர்கள்?


வல்வைக் கிழவன் எழுதியது:

அதை மட்டும் கேட்காதே தம்பி.